மூடி வைத்தும் தூங்காத மடிக்கணினி

"அண்ணா, பேட்டரி போயிடுச்சுண்ணா."

வாசலில் நின்றபடியே இதைத்தான் முதலில் சொன்னான். குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருப் பையன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய மடிக்கணினி, அதில் லினக்ஸ் மிண்ட் போட்டு வைத்திருக்கிறான். முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு 88 சதவீதம் இருந்ததாம். மூடிப் பையில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். காலை 6 மணிக்குத் திறந்தால் 11 சதவீதம். கடையில் புது பேட்டரிக்கு 3,500 ரூபாய் கேட்டார்களாம். கூடவே ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: லினக்ஸைத் தூக்கிவிட்டு விண்டோஸ் போடு, எல்லாம் சரியாகிவிடும்.

அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "காலையில பையிலிருந்து எடுக்கும்போது தொட்டுப் பார்த்தியா? சூடா இருந்துச்சா?"

"ஆமாண்ணா, அடிப்பக்கம் நல்லாவே சூடு."

பாதி விடை அதிலேயே இருந்தது. கெட்டுப்போன பேட்டரி பொதுவாக, வேலை எதுவும் நடக்காத இயந்திரத்துக்குள் ராத்திரி முழுக்கச் சூடாகிக் கிடக்காது. சூடு என்றால் எங்கோ மின்சாரம் செலவாகியிருக்கிறது என்று பொருள். மூடி வைத்த கணினி தூங்கவே இல்லை. பைக்குள்ளே விழித்துக்கொண்டு எட்டு மணி நேரம் எதையோ செய்துகொண்டிருந்திருக்கிறது.

"பேட்டரி போச்சு" என்பது விசாரணை இல்லாமல் எழுதப்படும் தீர்ப்பு. நம் ஊரில் எத்தனை மடிக்கணினிகள் இந்தத் தீர்ப்பால் அலமாரிக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இலட்சக்கணக்கில் இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. விண்டோஸோடு கூடவே 'பாஸ்' என்ற லினக்ஸும் அவற்றில் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. உண்மையைச் சொன்னால், பெரும்பாலானோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2012-இல் மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் கேள்வி. அதற்கு விடை தேடும் கருவிகள் அந்த லினக்ஸுக்குள்ளேயே இருந்தன, ஆனால் அதைச் சொல்லித்தர யாரும் இல்லை.

பையனை உட்காரவைத்து டெர்மினலைத் திறந்தோம். லினக்ஸில் வன்பொருளின் நிலவரம் எல்லாம் 'சிஸ்' என்ற கோப்பகத்தின் கீழ் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே கிடக்கும். அதில் 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை', அதற்குள் 'பேட் 0'. சில கணினிகளில் 'பேட் 1' என்று இருக்கும். அங்கே 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்று ஒரு கோப்பு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு என்பது அதில் இருக்கும். பக்கத்திலேயே 'எனர்ஜி ஃபுல்'. இன்றைக்கு முழுதாக நிரப்பினால் எவ்வளவு கொள்ளும் என்பது அது. முதல் கோப்பில் 45000000 என்று இருந்தது, இரண்டாவதில் 31000000. அலகு மைக்ரோவாட்-மணி. ஆறு சுழியை எடுத்துவிட்டால் 45 வாட்-மணி, 31 வாட்-மணி. பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. அதன் வயதுக்கு இது நியாயமான தேய்மானம்தான், செத்துப்போன பேட்டரியின் கணக்கு அல்ல. (சில பேட்டரிகள் 'எனர்ஜி' என்பதற்குப் பதில் 'சார்ஜ்' என்று மைக்ரோஆம்பியர்-மணியில் சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் போதும்.)

அடுத்தது மனக்கணக்கு. 88-இலிருந்து 11 வரை இறங்கியது என்றால் 77 சதவீதம். 31 வாட்-மணியில் 77 சதவீதம் ஏறக்குறைய 24 வாட்-மணி. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் 3 வாட். ஒழுங்காக உறங்கும் மடிக்கணினி அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் குடிக்க வேண்டும். நினைவகத்தில் இருப்பது அழியாமல் காப்பதற்கு மட்டும் அவ்வளவு போதும். 3 வாட் என்பது விழித்திருக்கும் கணினியின் கணக்கு.

எங்கள் ஊருக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதில்லை. 1996-இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவராக வந்த ஆர். இளங்கோ வேதிப் பொறியாளர், சி.எஸ்.ஐ.ஆரில் விஞ்ஞானியாக இருந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கிரானைட் ஆலைகள் கழித்துப்போட்ட கல் துண்டுகளை வைத்தே இங்கே வடிகால் கட்டினார். கைவசம் என்ன இருக்கிறது என்று பார்த்து, அளந்து, அப்புறம்தான் காசை எடுப்பது. 3,500 ரூபாயை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் அந்தப் பையனும் இதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

சரி, மூடியை மூடினால் கணினி ஏன் தூங்கவில்லை?

கணினிக்கு ஒரே வகைத் தூக்கம் இல்லை. பழைய முறையில் 'எஸ்3' என்று ஒரு நிலை உண்டு. நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் போகும், செயலி முதல் திரை வரை மற்றவை எல்லாம் முழுதாக அணைந்துவிடும். ஆழ்ந்த உறக்கம். 'ஹைபர்னேட்' அதைவிடக் கும்பகர்ண உறக்கம். நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவைத்துவிட்டு இயந்திரமே முழுதாக அணைந்துவிடும். இவை இரண்டும் போக, கைபேசியைப் பார்த்து மடிக்கணினிக்கு வந்த புதுப் பழக்கம் ஒன்று உண்டு. மூடியதும் எதையும் முழுதாக அணைக்காமல், எல்லாவற்றையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, கூப்பிட்டவுடன் எழுந்திரிக்கத் தயாராக வைத்திருப்பது. லினக்ஸ் இதை 'எஸ்2ஐடில்' என்கிறது. எனக்கு இது கோழித் தூக்கம். எல்லா உறுப்புகளும் ஒத்துழைத்தால் கோழித் தூக்கத்திலும் மிகக் குறைந்த மின்சாரமே செலவாகும். ஆனால் ஒரே ஓர் உறுப்பு, வைஃபை அட்டையோ வட்டோ கம்பியில்லாச் சுட்டிக்காக யூஎஸ்பியில் செருகிய சிறு துண்டோ, கண்ணை மூட மறுத்தால் போதும். செயலியால் அடி ஆழத்துக்கு இறங்கவே முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் திரை இருட்டு, உள்ளே 3 வாட் அடுப்பு.

எந்தத் தூக்கம் நடப்பில் இருக்கிறது என்பதும் ஒரு கோப்பில்தான் எழுதியிருக்கும். 'சிஸ்' கோப்பகத்தில் 'பவர்', அதற்குள் 'மெம் ஸ்லீப்'. பையனின் கணினியில் அதைத் திறந்தால் இரண்டு சொற்கள்: எஸ்2ஐடில், டீப். நடப்பில் இருப்பதைக் காட்டும் அடைப்புக்குறி எஸ்2ஐடிலைச் சுற்றி இருந்தது. அதாவது ஆழ்ந்த உறக்கத்துக்கு வழி இருக்கிறது, ஆனால் கணினி கோழித் தூக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது லினக்ஸும் இல்லை, பையனும் இல்லை. கணினியோடு பிறந்து, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரல்தான். 1992-இல் இன்டெலும் மைக்ரோசாப்டும் கொண்டுவந்த 'ஏபிஎம்' முறையில் மின் நிர்வாகம் பெரும்பாலும் பயாஸின் கையில் இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 'ஏசிபிஐ' என்ற ஏற்பாட்டை வெளியிட்டன. அதன்படி நிர்வாகம் இயங்குதளத்தின் கைக்கு வந்தது. பயாஸ் செய்ய வேண்டியது, இந்த இயந்திரத்தில் என்னென்ன இருக்கிறது, எதை எப்படி அணைப்பது, எதை எப்படி எழுப்புவது என்று ஓர் அட்டவணை எழுதிக் கொடுப்பது மட்டும். அழகான ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், அந்த அட்டவணையைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விண்டோஸில் ஓட்டிப் பார்த்துத்தான் சரி என்று முத்திரை குத்துகிறார்கள். அதே அட்டவணையை லினக்ஸ் வரிக்கு வரி நம்பிப் படிக்கும்போது, எழுதினவர் கவனிக்காமல் விட்ட இடங்களில் இடறுகிறது.

இந்த இடறலால் லினக்ஸ் உலகமே ஒருமுறை அவதிப்பட்டது. அதுவும் காக்களூர் விழா நடந்த அதே 2011-இல். அந்த ஆண்டு மார்ச்சில் லினக்ஸின் கருவான கெர்னலின் 2.6.38 பதிப்பு வெளிவந்தது. போட்டுக்கொண்ட பலருக்கு மடிக்கணினி பேட்டரி முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. கணினிக்குள் வைஃபை, கிராபிக்ஸ் போன்ற அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் சும்மா இருக்கும் நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. 'ஏஎஸ்பிஎம்' என்று பெயர். இந்த இயந்திரத்தில் அது கூடாது என்று பயாஸ் அட்டவணை சொன்னால், புதிய கெர்னல் அந்தப் பேச்சைக் கேட்டு வசதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டது. பல பயாஸ்கள் காரணமே இல்லாமல் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தன. ஃபோரோனிக்ஸ் தளத்தின் மைக்கேல் லாராபெல் மின் அளவியை வைத்துக்கொண்டு கெர்னலின் பதிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டி, பழுது எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பிடித்தார். விண்டோஸ் இந்த இடத்தில் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்து, அதே வழியில் லினக்ஸையும் நடக்கவைக்கும் திருத்தத்தை மேத்யூ கேரட் அந்த ஆண்டின் இறுதியில் எழுதினார். கடையில் புது பேட்டரி வாங்கியிருந்தால் அந்தப் பழுது தீர்ந்திருக்காது. அளவு எடுத்ததால் தீர்ந்தது.

பையனின் கணினிக்கு வருவோம். 'மெம் ஸ்லீப்' கோப்பில் ரூட் அனுமதியோடு 'டீப்' என்ற சொல்லை எழுதினோம். இது தற்காலிகம், கணினியை அணைத்து ஏற்றினால் பழைய நிலைக்கே போய்விடும். சோதித்துப் பார்க்க இதுதான் பாதுகாப்பான வழி. சில இயந்திரங்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்ப எழுந்திரிக்காது. அப்படியானால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஏற்றினால் போதும், ஒன்றும் கெட்டுப்போகாது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளை மட்டும் முதலில் சேமித்துவிட வேண்டும். மூடினோம். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. திறந்ததும் இரண்டு விநாடி கூடுதலாக யோசித்துவிட்டு எழுந்துகொண்டது. அதற்குப் பிறகுதான், லினக்ஸை ஏற்றிவிடும் 'கிரப்' நிரலின் அமைப்புக் கோப்பில், கெர்னலுக்குச் சொல்லியனுப்பும் வரியில், 'மெம் ஸ்லீப் டீஃபால்ட்' என்பதற்கு 'டீப்' என்று நிரந்தரமாகச் சேர்த்து, கிரப்பைப் புதுப்பித்தோம்.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தக் கோப்பில் எஸ்2ஐடில் என்ற ஒரே சொல்தான் இருக்கும். தயாரிப்பாளரே எஸ்3-ஐ எடுத்துவிட்டார். 2018-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் அப்படித்தான் வந்தது. பயனர்கள் விடாமல் கேட்டதால் பிறகு பயாஸ் புதுப்பிப்பில் உறக்க நிலைக்கு லினக்ஸ் என்று தனித் தேர்வு சேர்த்தார்கள். ஆகவே முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் இல்லையென்றால், யூஎஸ்பியில் செருகியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு ராத்திரி, செருகி ஒரு ராத்திரி என்று சோதித்தாலே தூங்கவிடாத உறுப்பு பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். வேறு வழியே இல்லையென்றால் ஹைபர்னேட். அதற்கு வட்டில் நினைவக அளவுக்குக் குறையாத ஸ்வாப் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

ராத்திரிக் கசிவு நின்றது. பகலில் வேலை செய்யும்போது ஆகும் செலவு தனிக் கதை. அதற்கு 'பவர்டாப்' என்ற கருவி, 2007-இல் இன்டெல் வெளியிட்டது. சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இப்போது எத்தனை வாட் போகிறது, செயலியை யார் அடிக்கடி தட்டி எழுப்புகிறார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டும். செயலி ஒரு விநாடியில் பெரும்பகுதி நேரம் சும்மாதான் இருக்கிறது. விசையைத் தட்டிவிட்டு அடுத்த விசைக்கு நாம் விரலைக் கொண்டுபோவதற்குள் அது பல முறை குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடும். அந்தக் குட்டித் தூக்கங்கள் எவ்வளவு நீளமோ அவ்வளவு மிச்சம். முன்பெல்லாம் வேலை இருக்கிறதோ இல்லையோ, லினக்ஸ் விநாடிக்குப் பல நூறு முறை செயலியை எழுப்பி மணி அடித்துக்கொண்டிருந்தது. அதே 2007-இல் கெர்னல் 2.6.21 அந்த வெற்று மணியை நிறுத்தியது.

செயலியின் மின்செலவுக்கு ஒரு சூத்திரம் உண்டு. மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிய அளவுக்கு அது ஏறி இறங்கும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்து, அதற்கேற்ப மின்னழுத்தத்தையும் பத்து சதவீதம் குறைத்தால், செலவு 0.9-ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, அதாவது ஏறக்குறைய 73 சதவீதம் ஆகிறது. வேலை முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த வேலைக்கான மொத்த ஆற்றல் 81 சதவீதம்தான். பாடம் படிக்க, கட்டுரை தட்டச்சு செய்ய, சி நிரல் எழுத இந்தக் குறைந்த வேகம் தாராளமாகப் போதும். இந்த அமைப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள 'டிஎல்பி' என்ற மென்பொருள் இருக்கிறது. இயங்குதளத்தோடு வரும் மின் நிர்வாகச் சேவை ஏற்கெனவே ஓடினால் இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள். ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் ஆகிவிடும். இத்தனையும் செய்துவிட்டுத் திரை வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருந்தால் பயன் இல்லை. சும்மா இருக்கும் மடிக்கணினியில் பெரிய செலவாளி பெரும்பாலும் திரைதான்.

கடைசியாக வெயில். லித்தியம் அயனி பேட்டரியை 1991-இல் சோனி முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். அந்தப் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு ஒன்று, முழு நிரப்பு இன்னொன்று. ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிரம்பி நிற்கும்போது உள்ளே வேதிப்பொருள்கள் பெரும் அழுத்தத்தில் இருக்கும். சூடு சேர்ந்தால் பக்கவினைகள் வேகம் பிடித்து, லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வர முடியாத சேர்மங்களில் சிக்கிவிடும். போன லித்தியம் போனதுதான். சித்திரை, வைகாசியில் பூந்தமல்லி பக்கம் 40 டிகிரி தொடும் நாட்களில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நாள் முழுக்கச் சார்ஜரில் செருகி 100 சதவீதத்திலேயே கிடக்கும் மடிக்கணினியை யோசித்துப் பாருங்கள். பையனின் பேட்டரி இழந்த 14 வாட்-மணியில் பெரும்பங்கு அப்படித்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு. பல மடிக்கணினிகளில் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடச் சொல்ல லினக்ஸிலேயே வழி உண்டு. அதே 'பேட் 0' கோப்பகத்தில் 'சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட்' என்ற கோப்பு இருந்தால், அதில் 80 என்று எழுதினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்கவே கூடாது. தொடுபலகை மேலே எழும்பி நிற்கிறதா, அடிமூடி வீங்கியிருக்கிறதா, அந்தப் பேட்டரியை அப்போதே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். குத்திப் பார்க்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். தீப்பிடிக்கும்.

மறுநாள் காலையிலேயே பையன் வந்தான். ராத்திரி 88-இல் மூடியது, காலையில் 80. எட்டு சதவீதம் என்றால் இரண்டரை வாட்-மணி, சராசரியாக 0.3 வாட். கேட்காமலே நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தான். 3,500 ரூபாய் வீட்டிலேயே இருக்கிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பேட்டரிகளுக்கும் வயதாகும், அவற்றிலும் சில மூடி வைத்தும் தூங்காமல் கிடக்கும். தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2012-இலிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது, காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூடுகின்றன. அங்கே போய்க் கேட்கும்போது "பேட்டரி போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பேட்டரி அன்று கொண்ட அளவு, இன்று கொள்ளும் அளவு, மூடும்போது இருந்த சதவீதம், திறக்கும்போது இருந்த சதவீதம், இடையில் போன நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். புது பேட்டரி வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் பேருந்து ஏறுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.